நிலுவையில் ஓர் ஓநாய்

மார்ச் 3

தொட்டித் தண்ணீரை இன்று மூன்றாவது முறையாக மாற்றினேன். வெண்ணெய்க்கு அதுவும் போதவில்லை. வெளியே வரவும் மாட்டேன் என்கிறது. பனியில் வண்டி இழுக்கப் பிறந்த நாய். அதை வாங்கி வந்து தஞ்சாவூரில் மொட்டை மாடியில் கட்டிப்போட்ட புண்ணியவான் யாரோ, நல்லா இருக்கட்டும். அப்பாவின் அரிசி மில்லில் நெல் ஊறிய தொட்டிகள் ஆறிலும் இப்போது நாய்கள் ஊறுகின்றன. எல்லாம் ஆசைக்கு வாங்கி, அலுத்ததும் ரோட்டில் விட்ட வெளிநாட்டு நாய்கள். மொத்தம் ஏழு. பார்த்துக்கொள்ள நானும் காளியம்மாள் அக்காவும். அக்கா என்னை டாக்டரம்மா என்பார். நான் டாக்டர் இல்லை, கால்நடை ஆய்வாளராக இருந்து விருப்ப ஓய்வில் வந்தவள் என்று ஐந்து வருஷமாகச் சொல்கிறேன். "ஊசி போடுறவங்க எல்லாம் டாக்டர்தான்" என்று முடித்துவிடுவார்.

பதினொரு மணிக்கு வனத்துறை ஜீப் வந்தது. வனவர் அறிவுமதி இறங்கினாள். வயது முப்பதுகூட ஆகவில்லை, முகத்தில் மட்டும் ரிட்டையர் ஆகப்போகிறவளின் அலுப்பு.

"மேடம், ஒரு ஓநாய் இருக்கு. கொஞ்ச நாள் வச்சிக்கிறீங்களா?"

பக்கத்து வீட்டில் உறைமோர் கேட்கிற மாதிரி கேட்டாள். ஜீப்பின் பின்னால் இரும்புக் கூண்டு. உள்ளே சாம்பல் நிறத்தில், நீளக் காலோடு, மஞ்சள் கண்ணோடு ஒன்று சுருண்டு கிடந்தது. நான் பார்த்ததும் எழுந்து நிற்கவில்லை, உறுமவும் இல்லை. கூண்டின் மூலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. கழுத்தில் சங்கிலி போன தடம். தடமா அது? புண். சதைக்குள் போயிருந்தது.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஊரில் கத்தாரிலிருந்து திரும்பிய ராஜராஜன் என்பவருடைய பண்ணை வீட்டில் இருந்ததாம். யாரிடமோ ஃபோனிலேயே பேசி வாங்கியிருக்கிறார். கேட்டில் 'ஓநாய் ஜாக்கிரதை' என்று போர்டு. அதோடு விட்டாரா? ஓநாய் பக்கத்தில் கூலிங் கிளாஸோடு நின்று ஃப்ளெக்ஸ் வேறு. அதை யாரோ படம் எடுத்து அனுப்ப, வனத்துறை போய் நின்றிருக்கிறது.

"ஓநாய்னா எங்க கேஸ் மேடம். இப்ப கேட்டா நாய்தாங்கறாரு. சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்பியிருக்கோம். ரிசல்ட் வர்ற வரைக்கும் இங்க இருக்கட்டும்."

"வந்தப்புறம்?"

"ஓநாய்னு வந்தா மிருகக்காட்சி சாலைக் கூண்டு. நாய்னு வந்தா அவருகிட்டயே திருப்பிக் குடுத்துடணும்."

"மூணாவது வழி?"

"மூணாவது வழி இல்ல மேடம்."

இருபத்தாறு வருஷம் அரசாங்கத்தில் குப்பை கொட்டியவளிடம் வந்து மூன்றாவது வழி இல்லை என்கிறாள். கையெழுத்துப் போட்டு இறக்கிக்கொண்டேன்.

மார்ச் 4

சாப்பிடவில்லை.

மார்ச் 6

இன்றும் கோழிக் கழுத்தை முகர்ந்துவிட்டு நகர்ந்துகொண்டது. கறிக்கடை காதர் மைதீன் பார்த்துவிட்டு, "என்னா அக்கா, நம்ம கடை சரக்குல கொறையா?" என்று மனம் நொந்து போனார். காளியம்மாள் அக்கா சோற்றில் கொஞ்சம் தயிரும் ஈரலும் பிசைந்து, ஒரு வாழை இலையில் வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பத்து நிமிஷம் கழித்து இலை காலி.

"தல தீபாவளிக்கு வந்த மாப்புள கணக்கா இல்ல பண்ணுது! யாரும் பாக்கக் கூடாது, இலை போடணும், கெஞ்சணும்."

ராஜராஜன் வைத்த பெயர் 'கில்லர்'. இன்றிலிருந்து மாப்பிள்ளை.

மார்ச் 9

மாப்பிள்ளையின் கழுத்துக்கு மருந்து போட்டேன். உடம்பெல்லாம் நடுங்கியது அவனுக்கு. கடித்திருக்கலாம். என் மணிக்கட்டை வாயில் வைத்துக்கொண்டு, அழுத்தாமல், அப்படியே வைத்திருந்தான் — வேலை முடிகிற வரைக்கும். சங்கிலியைக் கழற்றாமலே வளர்த்திருக்கிறார்கள். குட்டியில் மாட்டியது. கழுத்து வளர்ந்தது, சங்கிலி வளருமா?

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ராஜராஜன் மட்டும் எதிரே இருந்திருந்தால் மாட்டுக்குப் போடுகிற ஊசியை எடுத்து எங்கே குத்தியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. இவனைத் திரும்ப அனுப்ப மாட்டேன். அந்தக் கேட்டுக்கும் இல்லை, கூண்டுக்கும் இல்லை. எப்படி என்றுதான் தெரியவில்லை.

மார்ச் 15

மாலை ஐந்து நாற்பது பாசஞ்சர் பூதலூர் ஸ்டேஷனுக்கு வரும்போது ஹார்ன் அடித்தது. மாப்பிள்ளை முகவாயை வானத்துக்குத் தூக்கி ஓர் ஊளை விட்டான் பாருங்கள்! (யாரைப் பாருங்கள் என்கிறேன்? டைரியில்!) எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. டிரைவர் என்ன நினைத்தாரோ, இன்னொரு முறை ஹார்ன் அடித்தார். இவன் இன்னொரு முறை பதில் சொன்னான்.

அரை மணியில் மில் கேட்டுக்கு முன்னால் பாதி ஊர். பூசாரி மருதையன், காளியம்மாள் அக்காவின் தம்பிதான், கையில் கம்போடு நின்றார். "டாக்டரம்மா, சொவரு ஒசரம் போதுங்களா?" என்றார். போதும் என்றேன். என்னுடைய குரலே நடுங்கியதால் யாரும் நம்பவில்லை.

மார்ச் 17

ராஜராஜன் வந்தார்! வெள்ளை வேட்டி, வெள்ளைக் கார், வாசனை இரண்டு வயல் தூரத்துக்கு. நான் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கலாம் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவர் என்னைப் பேசவிட்டால்தானே?

"மேடம், எழுத்துல நாய்னு குடுத்திருக்கேன். நமக்குள்ள சொல்றேன், அசல் ஓநாய். சும்மா இல்ல, ஒரிஜினல்."

"அப்ப உங்களுக்கு ஜெயில்தானே சார்?"

முழி பிதுங்கிவிட்டது மனிதருக்கு. "அதாவது... பரம்பரையில ஓநாய். ஆளு நாய்."

மாப்பிள்ளை தொட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். "கில்லர்! கம் ஹியர்!" என்று ராஜராஜன் கத்தினார். கில்லர் காளியம்மாள் அக்காவின் சேலைக்குப் பின்னால் தலையை விட்டுக்கொண்டது. அக்கா, "அய்யா சத்தம் போடாதீங்க, பயப்படுது" என்றார். அந்த மனிதர் முகம் சுண்டிப்போனதைப் பார்த்து எனக்குப் பரம திருப்தி. திருப்தி என்று எழுதக்கூடாது. எழுதிவிட்டேன்.

மார்ச் 22

இது யாருக்கும் தெரியக்கூடாத விஷயம். டைரிக்கு மட்டும்.

அறுவடை முடிந்த வயல்களில் எருவுக்காக ஆடு அடைக்க வருஷா வருஷம் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் வருவார்கள். இந்த வருஷம் மில்லுக்குப் பக்கத்து வயலில் கிடை. இருநூறு ஆடு. மாலை ரயில் வந்தது, ஹார்ன் அடித்தது, மாப்பிள்ளை ஊளையிட்டான். ஆடு சிதறி ஓடி ரயிலில் விழுந்து தொலைத்தால்?

கீதாரி நிதானமாகக் கேட்டுக்கு வந்தார். தலைப்பாகையை அவிழ்த்து முகம் துடைத்தார்.

"தாயி, உள்ள என்ன வச்சிருக்கீக?"

"ஓநாய்" என்றேன்.

"எங்க பக்கம் ஓநா வந்து எங்கய்யா காலத்துல கிடைக்கு ஏழு ஆடு போயிருக்கு. ஓநா வாட அடிச்சாலே ஆடு ஒண்ணுமேல ஒண்ணு ஏறும். இங்கிட்டு வந்து பாருங்க."

பார்த்தேன். இருநூறு ஆடும் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தன. ஒரு கிடா மட்டும் சத்தம் வந்த திசையைப் பார்த்துவிட்டு, தும்மிவிட்டு, மறுபடி படுத்தது.

"இது நாயி தாயி. ஓநா மாதிரி நடிக்குது."

லேபில் இரண்டு மாதம் ஆகும் என்கிறார்கள். ஆட்டுக்கு இரண்டு நிமிஷம். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. நாய் என்றால் அந்தக் கேட்டு, அந்தச் சங்கிலி. கீதாரிக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்து, "இதை வெளிய சொல்லிடாதீங்க" என்று கெஞ்சினேன். "நான் எதுக்குத் தாயி சொல்றேன்" என்று மோரைக் குடித்துவிட்டுப் போனார். நல்ல மனுஷன்.

ஏப்ரல் 2

மூன்றாவது வழி கிடைத்துவிட்டது. அதன் பெயர் நிலுவை.

ஒரு கோப்பு நிலுவையில் இருக்கும்வரை எந்த அதிகாரியும் எதையும் தூக்கிக்கொண்டு போக மாட்டார். ஒரு கோப்பை நிலுவையில் வைப்பது எப்படி என்று எனக்கா சொல்லித்தர வேண்டும்? தெளிவுரை வேண்டிக் கடிதம் எழுத வேண்டும். இன்று எழுதினேன்: 'மேற்படி விலங்கு ஓநாயா நாயா என முடிவாகாத நிலையில், அதற்கு வெறிநாய்த் தடுப்பூசியை நாய் என்ற அடிப்படையில் போடுவதா, வனவிலங்கு என்ற அடிப்படையில் போடுவதா எனத் தெளிவுரை வேண்டப்படுகிறது.'

ஊசி எப்போதோ போட்டாயிற்று. அது வேறு விஷயம்.

ஏப்ரல் 11

இரண்டாவது கடிதம். 'மேற்படி விலங்கை எந்த மொழியில் அழைப்பது' என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். கொஞ்சம் ஓவர். அதற்குப் பதில், 'ரயில் ஒலிக்கு ஊளையிடுவதைத் தடுக்க ரயில்வேயின் ஒப்புதல் தேவையா' என்று கேட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 12

அறிவுமதி ஃபோன். "மேடம், ரேஞ்சர் சார் உங்க லெட்டரைப் படிச்சிட்டு டீ குடிக்கப் போனவரு இன்னும் வரல."

ஏப்ரல் 20

ஊருக்குப் பயம் போய்விட்டது! மருதையன் கம்பில்லாமல் வருகிறார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கம்பி வழியாகக் கையை விட்டு, "மாப்ள, மாப்ள" என்கிறார்கள். டீக்கடைக்காரர் பிஸ்கட் போடுகிறார். ஓநாய்க்கு யாராவது பிஸ்கட் போடுவார்களா? எல்லாம் என் பராமரிப்பின் மகிமை. ஒன்றரை மாதத்தில் ஓர் ஊரின் மனதையே மாற்றிவிட்டேன் என்று எனக்கே கொஞ்சம் கர்வம்.

மே 6

அக்னி நட்சத்திரம் பிறந்து மூன்றாம் நாள். காகம்கூடக் கத்தவில்லை. மாப்பிள்ளை இன்று முதன்முறையாகத் தொட்டிக்குள் இறங்கினான். முதலில் ஒரு கால். பிறகு யோசனை. பிறகு வெண்ணெய் பின்னால் வந்து ஒரு தள்ளு. தண்ணீருக்குள் விழுந்தவன் திகைத்து எழுந்து, சிலிர்த்து, என்னை நனைத்து, பிறகு — களம் முழுக்கச் சுற்றிச் சுற்றி ஓடினான். நெல் காயப்போட்ட களம், எத்தனை பெரிசு! இரண்டு வருஷம் நான்கடிச் சங்கிலியில் கிடந்தவன். ஓடத் தெரியுமா என்று சந்தேகப்பட்டிருந்தேன். மூலையில் திரும்பத் தெரியாமல் சுவரில் இடித்துக்கொண்டு, மறுபடி ஓடினான்.

அக்காவும் நானும் அழுதோம். வெயிலில் கண் கூசியது என்று சொல்லிக்கொண்டோம்.

மே 19

வந்துவிட்டது.

அறிவுமதி ஃபோனிலேயே படித்தாள். நாய். பாதி ஜெர்மன் ஷெப்பர்ட், கால்வாசி ஹஸ்கி, மிச்சம் நம் ஊர்த் தெரு நாய். ஓநாய் ஒரு துளிகூட இல்லை. ஆடுகள் சொன்னது சரி.

"மேடம், கோப்பை முடிச்சிட்டாங்க. நாளன்னிக்கு அவரு வந்து கூட்டிட்டுப் போவாரு. சாரி மேடம்."

"இவன் கழுத்தை அறுத்தவரே அவருதான், அறிவுமதி."

"கொடுமைன்னு நீங்க கேஸ் குடுக்கலாம். அது வாய்தா வாய்தாவா போவும். அதுவரைக்கும் நாய் உடையவங்க வீட்லதான் இருக்கும்." கொஞ்சம் நிறுத்தி, "எனக்கும் வயித்தெரிச்சலாத்தான் இருக்கு" என்றாள்.

இருபத்தாறு வருஷக் கெட்டிக்காரத்தனமும் ஒரு ஃபோன் காலில் போயிற்று. காளியம்மாள் அக்காவிடம் சொன்னேன். பாத்திரம் தேய்க்கிற சத்தம் மட்டும் ரொம்ப நேரம் பலமாக வந்தது.

மே 20

ஒன்றும் ஓடவில்லை. மாப்பிள்ளைக்கு இலை போட்டேன். சாப்பிட்டுவிட்டு என் காலில் தலையை வைத்துப் படுத்தான். போடா, எனக்கு வேலை இருக்கிறது என்றேன். வேலை ஒன்றும் இல்லை. நாளைக்கு இந்த நேரம் இவன் அந்தக் கேட்டில் நிற்பான். என்னால் தாங்க முடியாது, அவ்வளவுதான்.

சாயங்காலம் மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டு. திருவிழா பத்து நாள். நான் போகவில்லை. அக்கா போய்விட்டு மஞ்சள் வாசனையோடு வந்தார்.

மே 21

அடடா அடடா அடடா.

காலை பத்து மணிக்கு வெள்ளைக் கார். ராஜராஜன் கையில் புதுச் சங்கிலி — பழையதைவிடத் தடிமன். நான் கேட்டைத் திறந்தேன். என்ன செய்வது, கையில் உத்தரவு வைத்திருக்கிறார். மாப்பிள்ளையின் பக்கத்தில் போய்க் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னா இது?"

மாப்பிள்ளையின் கழுத்தில், ஆறிய புண்ணுக்கு மேல், மஞ்சள் கயிறு. அதில் ஒரு விரலி மஞ்சள். வேப்பிலை இரண்டு.

"காப்புங்க" என்றார் காளியம்மாள் அக்கா, பாத்திரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "கழுத்துப் புண்ணு ஆறணும்னு ஆத்தாளுக்கு வேண்டிக்கிட்டேன். நேத்து கட்டுனேன்."

எனக்குத் தெரியாது! சத்தியமாக எனக்குத் தெரியாது!

காப்புக் கட்டினவர்கள் காப்பு அவிழ்க்கும்வரை ஊர் எல்லை தாண்டி ராத் தங்கக் கூடாது. எங்கள் ஊர் எல்லை வாய்க்கால். ராஜராஜன் வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்.

"இதுக்கெல்லாம் என்னாங்க காப்பு?" என்று அவர் குதித்தார். மருதையன் ஏற்கெனவே வாசலில் நிற்கிறார் (எப்படி வந்தார் என்று நான் கேட்கவில்லை). "கட்டுனது ஆளா மாடான்னு ஆத்தா பாக்க மாட்டா. கட்டுனா கட்டுனதுதான். ஆறாம் நாள் மண்டகப்படி உங்க வூட்டுது. நீங்களே காப்ப மீறலாமுங்களா?" என்றார்.

ராஜராஜன் வீட்டார் மூன்று தலைமுறையாக அந்த ஆறாம் நாள் மண்டகப்படிக்கு அடித்துக்கொண்டு மரியாதை வாங்கியவர்கள். மனிதர் சங்கிலியைக் காரில் போட்டார். கதவை அடித்துச் சாத்தினார். "முப்பதாம் தேதி காப்பு அவுக்கிறப்ப வாசல்ல நிப்பேன்."

கார் போனதும் அக்காவைக் கட்டிக்கொண்டேன். "விடுங்க டாக்டரம்மா, கையெல்லாம் கரி" என்றார்.

மே 23

ஒன்பது நாளில் ஒரு நாள் போயிற்று, இரண்டும் போயிற்று. காப்பு வாங்கிக்கொடுத்தது நேரம் மட்டும்தான். யோசி மங்களாம்பிகை, யோசி. அந்த மனிதருக்கு நாய் வேண்டுமா? நாயை அவர் தடவிக்கூட நான் பார்த்ததில்லை. அவருக்கு வேண்டியது என்ன?

ஓநாய்.

மே 24

பூதலூர் ஃப்ளெக்ஸ் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து டிசைன் போட்டேன். கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் இரண்டு முறை கம்ப்யூட்டர் மௌஸ் கீழே விழுந்தது.

நடுவில் ராஜராஜன், அவருடைய அதே கூலிங் கிளாஸ் படம். பக்கத்தில் மாப்பிள்ளை, நாக்கைத் தொங்கப்போட்டு, முழுக்க நனைந்து, தொட்டியில். மேலே:

'ஓநாய் என ஊரே நம்பிய நாயை மீண்டும் அன்போடு ஏற்றுக்கொள்ளும் மாவீரர் ராஜராஜன் அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்!'

அதன் கீழே லேப் ரிப்போர்ட்டின் முக்கிய வரி, பெரிய எழுத்தில். கடைசியில் 'இவண்' என்று போட்டு வெண்ணெய், கலெக்டர், உருண்டை முதலான மில் நாய்கள் ஏழு பேருடைய பாஸ்போர்ட் சைஸ் படங்கள். கலெக்டர் கண்ணை மூடிவிட்டது. பரவாயில்லை.

மே 25

ஆறாம் நாள் மண்டகப்படி. ராஜராஜன் பட்டு வேட்டியும் தலையில் பரிவட்டமுமாக ஜொலித்தார். பிரசாதம் வாங்கிக்கொண்டு பக்கத்தில் போனேன். ஃபோனை நீட்டினேன்.

"சார், முப்பதாம் தேதி வாய்க்கால் பாலத்துல கட்டலாம்னு இருக்கோம். மேளத்தோட கொண்டுவந்து விடறோம். உங்க போட்டோ சரியா வந்திருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். பரிவட்டம் லேசாகச் சரிந்தது. சுற்றி அவருடைய மாமன் மச்சான்கள்.

"இது... இது வேணாங்க மேடம்."

"எங்க சந்தோஷத்துக்கு சார்."

சுண்டலைச் சாப்பிட்டுக்கொண்டே நடந்தேன். இத்தனை கெட்ட புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது? சுண்டல் ரொம்ப நன்றாக இருந்தது.

மே 28

ராஜராஜன் வந்தார். கார் இல்லை, மோட்டார் சைக்கிள். வாசனையும் இல்லை. களத்து ஓரத்தில் என்னோடு உட்கார்ந்தார்.

"பதினேழு வருஷம் கத்தார்ல வண்டி ஓட்டுனேன் மேடம். திரும்பி வந்தா ஊருல ஒருத்தனுக்கும் அடையாளம் தெரியல. 'நீ யாரு வூட்டுப் புள்ள?'ன்னு கேட்டாங்க. என் ஊருல! இது வந்தப்புறம்தான்... ஓநாய் வச்சிருக்காரே, அவருன்னு சொன்னாங்க."

நான் அவரை வெறுக்கத் தயாராக வந்து உட்கார்ந்திருந்தேன். அந்த வெறுப்பு பாதி வழியில் எங்கேயோ இறங்கிக்கொண்டது. முழுசாக இல்லை. கழுத்துப் புண்ணை நான் மறக்க மாட்டேன், அதையும் அவரிடம் சொன்னேன். "சங்கிலிய மாத்தணும்னு எனக்குத் தெரியாதுங்க" என்றார். தெரியாதாம்! வாங்கத் தெரிந்ததே! நன்றாகத் திட்டினேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

பிறகு ஒரு காகிதத்தை எடுத்தார். 'மேற்படி நாயைப் பராமரிக்க இயலாததால் முழு சம்மதத்துடன் ஒப்படைக்கிறேன்.' கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். ஒரே ஒரு நிபந்தனை.

"நாய்னு மட்டும் ஊருக்குத் தெரிய வேணாம் மேடம். பெரிய மனசு பண்ணி, ஓநாய்னே இருக்கட்டும். அப்பப்ப வந்து பாத்துக்குறேன்."

"உங்க ஓநாய் என் மில்லுல, சங்கிலி இல்லாம. சம்மதமா?"

"சம்மதம்."

மாப்பிள்ளை தொட்டியின் பின்னாலிருந்து இதையெல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். வரவில்லை. ராஜராஜனும் கூப்பிடவில்லை. கில்லர் என்று கத்தவும் இல்லை.

கிளம்பும்போது அந்தப் புதுச் சங்கிலியை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

மே 30

காப்பு அவிழ்த்தாயிற்று. வாய்க்கால் பாலத்தில் ஃப்ளெக்ஸ் இல்லை.

ஜூன் 4

புதுச் சங்கிலி மோட்டார் கொட்டகைக் கதவுக்குக் கச்சிதமாக இருக்கிறது.

ஜூன் 19

காவேரித் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு இன்றுதான் வந்தது. நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு முதல் தண்ணீர். ஊரே கரையில் நின்றது. மருதையன் பூப் போட்டார்.

மதியம் ராஜராஜன் சம்பந்தி வீட்டாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். திருவையாற்றிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள். கேட்டுக்கு வெளியே எங்கள் ஊரும் வேடிக்கை. காதர் மைதீன் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். ராஜராஜன் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கிட்ட போகாதீங்க. அசல் ஓநாய். மலைப் பிரதேசம்."

ராஜராஜனைப் பார்த்ததும் மாப்பிள்ளை தொட்டியிலிருந்து தாவி வந்தான். ஒளியவில்லை. மூன்று வாரமாக ஞாயிற்றுக்கிழமை ஈரல் கொண்டுவரும் கை அது. எதிரே வந்து நின்று, வாலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி — இங்கு வந்து மூன்றரை மாதத்தில் ஒருமுறைகூடச் செய்யாததைச் செய்தான்.

"வள்!"

சம்பந்தியம்மா மெதுவாக, "ஓநாய் கொரைக்குங்களா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் காதர் மைதீன் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, "டெல்டா ஓநாய் கொரைக்கும்மா" என்றார். "தண்ணி வந்துருச்சில்ல, அந்த சந்தோஷம்" என்றார் மருதையன். கேட்டுக்கு வெளியே எங்கள் ஊரே, பிள்ளைகள் வரைக்கும், ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது. ஒருவரும் சிரிக்கவில்லை. டீக்கடைக்காரர் மட்டும் துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

ராஜராஜன் குனிந்து மாப்பிள்ளையின் கழுத்தில், முடி வளர்ந்துவிட்ட அந்த இடத்தில் கையை வைத்தார். மாப்பிள்ளை விட்டான்.

வேன் போன பிறகு அக்காவைப் பிடித்துக்கொண்டேன். "இவங்களுக்கெல்லாம் எப்பத் தெரியும்?"

"எது? நாய்ங்கறதா? மார்ச் மாசமே தெரியும். கீதாரி உங்க மோரைக் குடிச்சிட்டு நேரா டீக்கடைக்குத்தான் போனாரு."

"பின்ன ஏன் ஒருத்தரும் வாயத் தொறக்கல?"

"தொறந்தா அப்பவே அந்த ஆளு வந்து அழைச்சிட்டுப் போயிருப்பாருல்ல?" அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நீங்க வேற லெட்டர் லெட்டரா எழுதிக்கிட்டுக் கெடந்தீங்க. பாவமா இருந்துச்சி."

கோப்பு ஓட்டிய நான்தான் கெட்டிக்காரி என்று நினைத்திருந்தேன். ஃப்ளெக்ஸ் போட்ட நான்தான் வில்லி என்று நினைத்திருந்தேன். ஊர் முழுக்க மூன்று மாதமாக ஒரு நாயை ஓநாயாக வைத்துக் காப்பாற்றியிருக்கிறது. நான் அவர்களுக்குத் தெரியாமல் மறைத்தேனாம்!

"ஊருக்குத் தெரியும்ங்கறது ராஜராஜனுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியாதுன்னுதான் எல்லாரும் வச்சிருக்கோம்."

ஐந்து நாற்பது பாசஞ்சர் வந்தது. ஹார்ன் அடித்தது. மாப்பிள்ளை ஊளையிடவில்லை. நன்றாக, உரக்க, தெரு நாய் மாதிரி நான்கு முறை குரைத்தான். கரையில் நின்றவர்களில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.